பலகையில் விட்டுவைத்த வரி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே சுகம். அங்கே குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு கல்லூரிக்குப் போ. என் எழுத்தில் பிழை இருந்தால் சிரிக்காதே.

நம் சலவைக்கூடத்தில் நடந்த ஒன்றை உன்னிடம் மறைக்கக் கூடாது. போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வண்டித் துணி அப்படியே திரும்பி வந்தது. தொற்று நோயாளிகளின் சிவப்பு மூட்டைத் துணி, பிரசவ வார்டு விரிப்புகளோடு ஒரே மிஷினில் ஓடியிருக்கிறது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று பெரிய நர்ஸம்மா சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் ஏழு குடும்பத்துக்கும் வேறு கதி இல்லை.

மூட்டையைப் பிரித்தது யார் என்று கேட்டேன். எல்லாரும் சுவரில் நீ ஒட்டிய பேப்பரைப் பார்த்தார்கள்.

உன் அண்ணா போன துக்கத்துக்கு வந்த நீ, தினமும் பலகையில் பேர் எழுதி வேலை கொடுப்பது மனிதனைக் கருவியாக்குவது, இனி அவரவர் மனசாட்சிதான் மேஸ்திரி என்று பேசி, அதையே பேப்பரில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே கண் கலங்கியது. ஆனால் வலியில் நிற்க முடியாத நம் முழங்கால்காரரைப் பார். அவர் பேருக்கு நேரே அண்ணா எப்போதும் மூட்டை பிரித்தல் என்றுதான் எழுதுவார். அது உட்கார்ந்து செய்யும் வேலை. முதலாளி சொல்லிட்டாரு, நான் என்ன பண்றது என்று அலுத்துக்கொண்டே உட்காருவார். ரோஷக்காரர், தானாக எப்படி உட்காருவார்? மிஷினடியில் நிற்கப் போய்விட்டார். மூட்டையை ஆளுக்கொரு கை பிரித்தார்கள், சிவப்பைத் தனியே ஒதுக்க யாரும் பார்க்கவில்லை.

ஏட்டுச் சுரைக்காய்ல குழம்பு வச்சா இப்படித்தாம்மா என்றாள் இஸ்திரி அக்கா. என் கொழுந்தன் படிப்பைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். பிறகு நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். மனிதன், மனிதன் என்று பதினோரு இடத்தில் இருக்கிறது. முழங்கால் வலி ஒரு இடத்திலும் இல்லையே, தம்பி.

பழி உனக்கு மட்டும் இல்லை. நான் தலையாட்டியது உன் பேச்சுக்காக அல்ல. புதிதாக எழுத வேண்டாம் என்றால் பலகையை அழிக்கவும் வேண்டாமே. அதில் இருந்தது உன் அண்ணா கடைசியாக எழுதியது. அதைக் காப்பாற்றப் போய் ஏழு வீட்டு அடுப்பை மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, என் கோணல் எழுத்தில் எல்லார் பேரும் எழுதினேன். முழங்கால்காரர் படித்துப் பார்த்து, முதலாளியம்மா சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றது என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். அடியில் எனக்கென்று அண்ணா எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் துடைக்கக் கை வரவில்லை. நீ நேரத்தோடு வீட்டுக்குப் போ என்று இருக்கிறது. அவர் சொன்னதில் அதை மட்டும்தான் நான் செய்வதில்லை. போய் என்ன செய்ய?

உன் பேப்பரைக் கிழிக்கவில்லை. மடித்து, அண்ணா சட்டைகளோடு வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. லீவு கிடைத்தால் ஒரு நடை வா. புத்தகம் ஒன்றும் வேண்டாம், கையை வீசிக்கொண்டு வா. வீடு பூட்டியிருந்தால் சலவைக்கூடத்துக்கு வா, அங்கேதான் இருப்பேன்.

உன் அண்ணாவுக்குக் கிடைக்காத ஆயுசும் சேர்த்து உனக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி