தண்ணீருக்கு ஆகாத பலகை

11 ஜூலை 2024

பலகை வந்துவிட்டது. குட்டியானை வண்டியில் கயிறு போட்டுக் கட்டி, வண்ணார்பேட்டை நெரிசலுக்குள் நுழைந்து, வாசலில் இறக்கினார்கள். எதிர்வீட்டு ராஜராஜேஸ்வரி அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "கட்டில் செய்யப் போறீயளா டீச்சர்?" என்றாள். "படகு செய்யப் போறேன்க்கா" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "நல்லது, செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் ஆதில் செல்போன் கடையை வேலைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து, தானே ஒரு முனையைப் பிடித்து ஷெட்டுக்குள் சாய்த்து வைத்தார். பைக்கை இனிமேல் தெருவில் நிறுத்திக்கொள்வாராம். கல்யாணமான நாளிலிருந்து அந்த பைக் ஒரு ராத்திரி வெளியே நின்றதில்லை.

மரக்கடை குமரவேல் அண்ணாச்சி போனில் சொன்னார்: "மெரைன் ப்ளைதான் டீச்சர். தண்ணிக்குள்ள கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது."

சுத்தியல் பிடிக்கத் தெரியாத ஒரு கணக்கு டீச்சர் வீட்டில் படகு கட்டுகிறேன் என்கிறாள். ஒரு ஆள்கூடவா கேலி செய்யாது?

14 ஜூலை

முதல் வெட்டு கோணல். பென்சில் கோடு ஒரு பக்கம் போகிறது, ரம்பம் ஒரு பக்கம் போகிறது. போர்டில் வட்டத்தைக் கையாலேயே போடுகிறவள் நான். பலகையில் நேர்கோடு வரவில்லை.

ஆதில் பார்த்துவிட்டு, "சூப்பரா வருது ஸமீ" என்றார். அவ்வளவு கோணலாக இருந்தது. எதைப் பார்த்துச் சொன்னார்?

28 ஜூலை

ஏன் படகு என்று யாருமே கேட்கவில்லை. எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

போன டிசம்பர் வெள்ளத்தில் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தது. நாங்கள் மாடியில். எனக்கு ஏழாம் மாதம். சாயங்காலம் வலி கண்டது. படகு எங்கள் தெருவுக்கு வர மறுநாள் ஆகிவிட்டது. யார் மேலும் குற்றம் இல்லை, ஊரே முங்கிக் கிடந்தது. பெண் குழந்தை. பேர் வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு. தண்ணீர் என்றாலே உடம்பு உதறுகிறது. ஆற்றுப்பாலத்தில் பஸ் போனால் கண்ணை மூடிக்கொள்கிறேன். இந்த ஊரில் ஆற்றைப் பார்க்காமல் எத்தனை காலம் இருப்பது? நானே கட்டிய ஒன்றில் உட்கார்ந்து அதன் மேல் போக வேண்டும். அவ்வளவுதான். இதில் வேறு ஒன்றும் இல்லை.

11 ஆகஸ்ட்

இன்று தையல்! பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று சேர்த்து முறுக்க வேண்டும். அப்புறம்தான் பசை, அதன் மேல் துணி நாடா. முறுக்க முறுக்கத் தட்டையாகக் கிடந்தது வளைந்து எழுந்து, திடீரென்று படகாகிவிட்டது. நான் கத்தியதைக் கேட்டு, வீட்டுக்கு வந்திருந்த ஆதிலின் தங்கை முஃபீதா ஓடிவந்தாள். "அழகா இருக்கு மதினி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண் கலங்கியிருந்தாள்.

இவ்வளவு நல்ல மனிதர்களா என்னைச் சுற்றி?

2 செப்டம்பர்

பசை வாடை. தலைவலி. சந்தோஷம்.

15 செப்டம்பர்

தண்ணீர் டிரம்முக்கு அடியில் மிச்சத் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தேன். இன்று எடுத்தால் ஓரமெல்லாம் ஊதி, தாள் தாளாகக் கையோடு பிரிந்து வந்தது.

மெரைன் ப்ளை கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் பிரியாது என்று படகு கட்டக் கற்றுக்கொண்ட வீடியோவில் சொல்லியிருந்தார்கள். இன்னொரு துண்டை வெட்டிப் பால் சட்டியில் போட்டு அடுப்பை மூட்டினேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் ஊறிப் பிரிந்துவிட்டது.

ஆதிலிடம் காட்டினேன். "பழைய துண்டா இருக்கும், விடு" என்றார். எல்லாம் ஒரே பலகைதானே? "கடைக்காரர்ட்ட சண்டைக்குப் போகாத. நான் பேசிக்கிடுதேன்" என்றார். முகம் சரியில்லை.

17 செப்டம்பர்

நானே போனேன்.

குமரவேல் அண்ணாச்சி, "மொதல்ல ஒக்காருங்க டீச்சர், டீ சொல்லட்டுமா?" என்றார். நான் அந்தத் துண்டை மேஜையில் வைத்தேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தை நிறுத்தச் சொன்னார்.

"நான் ஏமாத்தல டீச்சர். ஒங்க வீட்டுக்காரருதான் அன்னைக்கே போன் போட்டாரு. சாதா ப்ளையே போதும், அது தண்ணிக்குப் போவப் போறதில்ல, அவ மனசு ஆறுததுக்குச் செய்யுதான்னாரு. மெரைன்னு மட்டும் சொல்லிருங்கன்னாரு. புள்ளையப் பறிகொடுத்தவங்க... நானும் சரின்னுட்டேன்." அப்புறம் பைய, தாழ்ந்த குரலில், "தப்பா எடுத்துக்கிடாதீங்க. எங்க வீட்லயும் ஒங்களுக்காக வேண்டிக்கிட்டோம்" என்றார்.

எனக்குத் தெரியாமலே ஒரு வீட்டின் வேண்டுதலில் நான் இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ஆதில் மறுக்கவில்லை.

"டாக்டர்தான் சொன்னாங்க. அவ போக்குல விடுங்க, தடுக்காதீங்கன்னு."

"எந்த டாக்டர்? நான் எந்த டாக்டர்ட்டயும் போகலியே?"

"நான் போனேன். ஒனக்காக."

எனக்காக. நான் இல்லாமல்.

"வேற யார்ட்ட எல்லாம் சொன்னீங்க?" முஃபீதாவிடம். அவர் உம்மா, என் மாமியிடம். எதிர்வீட்டு அக்காவிடம். "ஸ்கூல்லயுமா?" என்றேன். தலையாட்டினார்.

18 செப்டம்பர்

பிரின்சிபால் கலையரசி மேடத்துக்குப் போன் போட்டேன். காலாண்டு லீவு முடிந்ததும் வந்து சேருகிறேன் என்றேன்.

"நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க ஸமீஹா. ஜூன்லயே ஆதில் வந்து பேசிட்டாங்களே. இன்னும் ஒரு வருஷமாவது ஆகும்னு. உங்க வகுப்புக்கு வேற ஆள் போட்டாச்சும்மா."

நான் தினமும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தான்? எப்படிலே பாத்துக்கிட்டு இருந்த? ஒரு வார்த்தை சொல்லலியே. பேனா வேணுமான்னு கேட்டு வாங்கிட்டு வந்து கொடுத்தியே.

அவன் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

22 செப்டம்பர்

ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கிறேன். கோணல் வெட்டுக்கு சூப்பர் என்றது. முஃபீதா கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. எதிர்வீட்டு அக்கா அடிக்கடி சொதிக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பியது. தெருவில் நின்ற பைக். எல்லாமே ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளுக்கு வாங்கிப் போகிற ஹார்லிக்ஸ் பாட்டில்.

எனக்குத் துக்கம் இருந்தது. இருக்கிறது. ஆனால் எனக்கு மூளை கலங்கவில்லை. இதை இப்போது யாரிடம் சொன்னாலும், "ஆமாம்மா, ஆமாம்மா" என்பார்கள். அதுதான் தாங்கவில்லை. கோபப்பட்டால்கூட அதுவும் நோயின் கணக்கில் போய்விடும்.

29 செப்டம்பர்

ஒரு கேள்விதான் கேட்டேன். "நீங்க கடையில இருக்கும்போது நான் அத ஆத்துல எறக்கி ஏறியிருந்தா?"

"நீ ஏறமாட்டன்னு நெனச்சேன்."

"ஏறமாட்டேன்னா எதுக்குச் செய்யுதேன்?"

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்குக் கழுத்தளவு தண்ணியில ஒரு படகு கிடைக்குமான்னு அலைஞ்சேன். வெறுங்கையோட திரும்பி வந்தேன். நீ படகு, படகுன்னு சொல்லும்போதெல்லாம் என்னையத்தான் சொல்லுதன்னு இருந்துச்சு ஸமீ. ஒனக்கு ஏதோ ஆயிருச்சுன்னு நெனச்சா, கேக்குதது கொஞ்சம் லேசா இருந்துச்சு."

அழுதார். மையவாடியில் அடக்கிவிட்டு வந்த நாளில்கூட நான் அவர் அழுது பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் பக்கத்தில் போய் உட்கார முடியவில்லை.

இதை என்னிடம் சொல்லியிருக்கலாம். மரக்கடையில் என்னைப் பற்றிச் சொல்ல முடிந்தது. என்னிடம் முடியவில்லையா?

6 அக்டோபர்

படகைப் பிரித்தேன். பசை விடவில்லை, உளி வைத்து அடித்துப் பெயர்க்க வேண்டியிருந்தது. ஆதில் உதவிக்கு வந்தார். வேண்டாம் என்றேன்.

24 அக்டோபர்

தூத்துக்குடிக்கு நானே போய்ப் பலகை வாங்கி வந்தேன். முதலில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து சட்டியில் கொதிக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான். அசையவில்லை.

ராஜராஜேஸ்வரி அக்கா ஷெட்டு வாசலில் வந்து நின்றாள். "ஒங்க வீட்டுக்காரரு சொன்னத அப்படியே நம்பிட்டேன் டீச்சர். எதுத்தாப்புலதான் இருக்கேன், ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல. இப்பக் கேக்கேன். எதுக்குப் படகு?"

சொன்னேன். முழுசாகக் கேட்டாள். கடைசியில், "எனக்கும் அந்த ஆத்தப் பாத்தா வெறுப்பா இருக்கு" என்றாள். சேலையைச் செருகிக்கொண்டு உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில், "இந்த ஓரம் கோணலா இருக்கே டீச்சர்" என்றாள்.

கோணலாகத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

18 நவம்பர்

பள்ளிக்கூடத்துக்கு நேரில் போனேன். "என்னப் பத்தி என்கிட்ட கேளுங்க மேடம்" என்றேன். கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அரையாண்டு லீவு முடிந்து வந்து சேரச் சொல்லிவிட்டார். ஒன்பதாம் வகுப்பு இல்லை, ஆறாம் வகுப்பு. பரவாயில்லை என்று சொன்னேன். பரவாயில்லையா? இல்லை. ஆனாலும் போவேன்.

13 டிசம்பர்

ரெண்டு நாளாக விடாத மழை. ஆறு ஏறுகிறது என்றார்கள். ஆதில் அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்கினார். நான் குடங்களைத் தூக்கினேன். தண்ணீர் தெருமுனை வரை வந்து வடிந்துவிட்டது.

19 ஜனவரி 2025

சேரன்மாதேவிக்கு மேலே, ஆறு அகலமாகத் தேங்கி நிற்கிற ஓர் இடத்தில் இறக்கினோம். நான், அக்கா, குட்டியானைக்காரர். ஆதிலிடம் போகிற இடத்தை மட்டும் சொல்லியிருந்தேன். பின்னாலேயே பைக்கில் வந்து, கரையில் மிதவைச் சட்டையோடு நின்றார். அதை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

கால் வைத்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்தேன். துடுப்புப் போட்டால் நேரே போகாமல் வட்டமடித்தது. இடது ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. ஆனால் மிதந்தது. நடு ஆற்றில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் பேரை ஒரு தடவை சொன்னேன். சத்தமாகத்தான்.

கரைக்கு வந்ததும் ஆதில், "நானும் ஏறட்டுமா?" என்றார்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

9 பிப்ரவரி

ஆறாம் வகுப்புப் பேப்பர்கள் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் ஆதில் மாமியோடு போனில் பேசுவது கேட்டது. கடை, மழை, முஃபீதாவின் வீட்டு விசேஷம். அப்புறம் மாமி என்னைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். என் பேனா நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியல உம்மா. அவகிட்டயே கேளுங்க."

எழுந்து வந்து போனை என் முன்னால் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சொல்லுங்க மாமி" என்றேன்.