சத்தம் வராத காபி கிரைண்டர்

அடிஸ் அபாபா, செவ்வாய்க்கிழமை

கண்ணு ஹிலினாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், ஆஸ்லோ குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படித்துப் பதறாதே, அப்பா இப்போது எழுந்து நடக்கிறார்.

காபி கிரைண்டர் எது அனுப்பட்டும் என்று கேட்டிருந்தாய், எஸ்பிரெசோவுக்கு மாவாக அரைப்பதா, காகிதத்தில் வடிக்கிற காபிக்கு ரவையாக உடைப்பதா என்று. இரண்டையும் ஒரே மெஷின் செய்தால் இரண்டும் உருப்படாது என்கிறார் அப்பா. முப்பது வருஷம் காபிக் கடையில் எஸ்பிரெசோ போட்டவரிடம் வடித்த காபிப் பேச்சை எடுக்க முடியுமா, "அது காபி இல்லடி, காபி குளிச்ச தண்ணி" என்கிறார். பழைய கடையிலிருந்து ஒரு எஸ்பிரெசோ கிரைண்டரை இரவல் வாங்கி வந்தார், பட்டனைத் தொட்டால் மாவு. நாலு நாள் நான் உரலில் காபி இடிக்கவில்லை. இடிக்கிற சத்தம் கேட்டுத்தானே அக்கம்பக்கம் கப்புக்கு வரும், நாலு நாளும் ஒருத்தரும் வரவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை பார்.

சனிக்கிழமை காலை அப்பா சமையலறையில் தலைசுற்றி விழுந்துவிட்டார். கரண்ட் இல்லாமல் போனும் செத்துக் கிடந்தது. தூக்க என் முட்டியில் தெம்பில்லை, வெளியே ஓடலாமென்றால் என் கையை அவர் விடவில்லை. கத்தினேன், இந்த மாடியில் எவள் கத்தினாலும் பிள்ளையைத் திட்டுகிறாள் என்றுதானே நினைப்பார்கள். போய்விடுவார் என்றே நினைத்துவிட்டேன், கண்ணு. இன்னொரு கைக்கு எட்டின இடத்தில் உரல் இருந்தது, வெறும் உரலை இடி இடியென்று இடித்தேன். எதிர்வீட்டு அஸ்கலே, காபியோடு கொறிக்க வறுத்த பார்லிக் கிண்ணத்தோடு, "என்ன வுபித்தக்கா, நாலு நாளா எங்கள மறந்துட்டு, இன்னிக்கு வாசனையே இல்லாம சத்தம் மட்டும் வருது?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவள் கூப்பிட்ட ஆட்கள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிரஷர் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், ஆனாலும் அவர் கொஞ்சம் இருமினால்கூடக் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

எங்களுக்கு அப்பா கேட்கிற எஸ்பிரெசோ கிரைண்டரையே அனுப்பு, அவர் ஒரு கப் குடித்துக்கொள்ளட்டும், நான் என் உரலை விடப் போவதில்லை. என் பயம் இப்போது உன்னைப் பற்றித்தான். நீ வாங்கின கிரைண்டர் துளிச் சத்தம் போடாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியவே தெரியாது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சத்தம் போடுகிறதாகப் பார்த்து வாங்கு. சண்டைக்கு வந்தாலும் வரட்டும், வருகிறவர்களுக்கு ஒரு கப் ஊற்றிக் கொடு.

மாதா உன் வாசலிலேயே நிற்கட்டும், தலைவலி காய்ச்சல் அண்டாமல் நூறு வருஷம் இரு. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. பதில் எழுதும்போது மறக்காமல் உன் பக்கத்து வீட்டில் இருப்பவர் பேரை எழுது.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
வுபித்