பதினெட்டு லாரிகளும் என் கையெழுத்தும்

ஜன. 6, செவ்வாய்

டெல்லியில் மூடுபனி. எதிர் பிளாக்கே தெரியவில்லை. பஸ் நாற்பது நிமிடம் தாமதம்.

எங்கள் கிடங்கிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்குக் குளுகோஸ் பாட்டில் கொண்டுபோக ஒரு புது லாரி கம்பெனி வருகிறது. பதினெட்டு லாரி. காகிதங்களைச் சரிபார்த்து வெள்ளிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். மேனேஜர் பன்சல் ஃபைலை மேஜையில் வைத்துவிட்டு, "வெறும் ஃபார்மாலிட்டி ஹை மேடம்."

பார்க்க வேண்டியவை: பதிவு, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று. ஐந்தும் பதினெட்டுக்கும்.

மீராவுக்கு ஸ்கூலுக்குப் புது சாக்ஸ். மறந்தேன்.

ஜன. 7, புதன்

காலை முழுக்க அரசு வலைத்தளத்தில் லாரி எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். பதினொன்று சரி. நான்குக்கு எஃப்.சி. காலாவதி. இரண்டு லாரி தளத்தில் இல்லவே இல்லை. ஒன்று லாரியே இல்லை, ஸ்கூட்டர்! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

கம்பெனி முதலாளிக்குப் போன். டைப்பிங் மிஸ்டேக் மேடம் என்றார். மதியத்துக்குள் ஏழுக்கும் புதிய எஃப்.சி. மெயிலில் வந்துவிட்டது. ஏழிலும் ஒரே கையெழுத்து, ஒரே மை. இரண்டில் பரிசோதனைத் தேதி ஆகஸ்ட் பதினைந்து. சுதந்திர தினத்தன்று எந்த ஆபீஸ் திறந்திருந்து லாரியைச் சோதித்ததோ.

ஜன. 8, வியாழன்

பன்சலிடம் காட்டினேன். படித்தார் என்றே சொல்ல வேண்டும், கண்கள் ஓடின. "பனிக்காலம். வேறு யாரும் வண்டி தரமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் போடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"அதையே ஒரு மெயிலில் எழுதிக் கொடுங்கள் சார்."

எழுதவில்லை. டீ வரவழைத்தார், அவருக்கு மட்டும்.

படிவத்தின் கடைசி வரி: 'வண்டிகளை நேரில் பார்த்தேன்.' அதன் கீழேதான் என் கையெழுத்து. மூன்று வருடமாக அந்த வரியின் கீழ் போட்டு வருகிறேன். ஒரு லாரியைக்கூட நேரில் பார்த்ததில்லை. இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

இரவு வீட்டில் சாப்பிடும்போது ரகுவிடம் சொன்னேன். "மார்ச்ல உன் கான்ட்ராக்ட் ரினியூ ஆகணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எதுக்கு வம்பு? ஊர்ல இருக்கிற லாரியெல்லாம் இப்படித்தான்."

மீரா: "அப்பா, அம்மா சஹி ஹை, அவங்க சொல்றது சரி. யாராவது மேல மோதினா?" ரகு ரசம் ஊற்றிக்கொண்டார்.

நாளை அவர்கள் லாரி நிறுத்தும் யார்டுக்குப் போகிறேன்.

ஜன. 9, வெள்ளி

மெட்ரோ, பிறகு ஷேர் ஆட்டோ. யார்டு முழுக்கச் சேறும் டீசல் வாடையும். முன்ஷி (யார்டு கணக்கை எழுதுபவர்) என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார். உட்காரவில்லை. அந்த ஏழில் ஐந்துதான் நின்றிருந்தன. பின்விளக்கு எரிந்தது ஒன்றில் மட்டும். அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். மூன்றாவது லாரியில் கடைசி நான்கு எண்கள் காகிதத்தோடு ஒத்துப்போகவில்லை.

நான்காவதின் டிரைவர் பேட்டரியைத் தட்டிக்கொண்டு தனக்குள், "செத்துப்போச்சாட்ட இருக்குது."

"நாமக்கல்லா?"

நிமிர்ந்தார். "சங்ககிரிங்க. அக்கா தமிழுங்களா!" பெயர் செல்வராஜ். நாற்பது வயதிருக்கும்.

"பிரேக் எப்படி?"

பக்கத்தில் நின்ற முன்ஷியைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நல்லா இருக்குதுங்க."

முன்ஷிக்குப் போன் வந்து நகர்ந்ததும் குரலை இறக்கினார். "பிரேக்குல காத்தே நிக்கறதில்லீங்க அக்கா. பனியில முன்னாடி வண்டி தெரியறதுக்குள்ள மிதிக்கோணும். நான் சொன்னேன்னு மட்டும் எழுதிராதீங்க. வேலை போயிரும்."

"எழுத மாட்டேன். நானே பார்த்துக்கறேன்."

கேபினில் ஏறினேன், புடவையோடு, இரண்டு தடவை சறுக்கி. எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை இயக்கும் காற்று நிரம்பியதும் நிறுத்தச் சொன்னேன். காற்று அளவு காட்டும் முள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. போனில் வீடியோ எடுத்தேன். ஐந்து லாரியிலும் அப்படியே செய்தேன். மூன்றில் முள் இறங்கியது.

முழங்கால் வலி. புடவைக் கரையில் கிரீஸ். போகாது.

ஜன. 10, சனி

அறிக்கை அனுப்பினேன். இரண்டு பக்கம், படங்கள், வீடியோக்கள். டிரைவர் யார் பெயரும் இல்லை. பன்சலுக்கு, நகல் தலைமை அலுவலகப் பாதுகாப்புப் பிரிவுக்கு. 'அனுப்பு' பொத்தானை அழுத்துமுன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

பதில் இல்லை.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வந்துவிட்டது. கரும்பு இன்னும் இல்லை.

ஜன. 12, திங்கள்

ஒன்பது மணிக்கு கேட்டில் அதே ஐந்து லாரி, லோடு ஏற்ற! காவலாளி திவாரி கையைப் பிசைந்தார். பன்சல் சாப் போன் செய்தாராம், உள்ளே விடச் சொல்லி.

"அனுமதி லிஸ்டில் என் கையெழுத்து இருக்கிறதா?"

"நஹீ மேடம், இல்லை."

"அப்படியானால் ரிஜிஸ்டரில் எழுதுங்கள். நான் நிறுத்தினேன் என்று. என் பெயரில்."

எழுதினார். கேட்டுக்கு நடுவே நின்றேன். ஹாரன். முன் லாரியில் செல்வராஜ். அவர் மட்டும் அடிக்கவில்லை. பன்சல் மாடியிலிருந்து இறங்கி வந்து எல்லோர் முன்பும் கத்தினார், "இது என்ன உங்கள் வீட்டு கேட்டா?"

"கேட் கம்பெனியுடையது சார். கையெழுத்து என்னுடையது."

 ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பதினொன்றே காலுக்கு லாரிகள் திரும்பின.

ஆஸ்பத்திரிகளுக்கு நானே போன் செய்தேன். மூன்று நாளுக்குக் கையிருப்பு உண்டு. அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன்.

ஜன. 13, செவ்வாய்

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். "எல்லாக் கம்பெனிகளையும் இப்படித்தான் பார்ப்பீர்களா?"

"இதுவரை இல்லை மேடம். இதுதான் முதல்."

எழுதிக்கொள்கிறேன் என்றார். பிறகு, "உண்மையைச் சொன்னீர்கள்."

நான்கு மணிக்கு உத்தரவு. அந்தக் கம்பெனி வேண்டாம். பாட்டில்கள் பழைய கம்பெனி ஒன்றின் லாரிகளில் கிளம்பின. கிளம்புமுன் கேட்டிலேயே ஒவ்வொன்றிலும் ஏறி முள்ளைப் பார்த்தேன். பழைய கம்பெனிகள் பதினான்கின் லாரிகளையும் இனி நேரில் பார்க்க வேண்டும், நான்தான்.

கூடவே பன்சலிடமிருந்து மெமோ. லோடு ஒரு நாள் தாமதமானதற்கு விளக்கம் கேட்டு.

ஜன. 14, புதன்

போகி. வெயில் எட்டிப் பார்த்தது.

செல்வராஜ் போன். அஞ்சு டிரைவரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். "உங்களைச் சொல்லலீங்க அக்கா. கோபமில்லீங்க. பொங்கலும் அதுவுமா, ஊட்ல என்ன சொல்றதுன்னுதான்."

மன்னிப்பு கேட்கலாமா? கேட்டால் திங்களன்று செய்தது தப்பென்று ஆகுமே. கேட்கவில்லை. நேற்று லோடு ஏற்றிய பழைய கம்பெனிக்கே போன் போட்டேன். இரண்டு டிரைவர் வேண்டுமாம், நாளை மறுநாள் வரச் சொன்னார்கள். இரண்டுதான். மீதி மூவர்? தெரியவில்லை. இன்னும் மூன்று கம்பெனியில் சொல்லிவைத்தேன்.

மெமோவுக்குப் பதில் எழுதியாயிற்று. 'காகிதம் சரியில்லாத, பிரேக்கில் காற்று நிற்காத லாரிகளை கேட்டில் நிறுத்தினேன். மறுபடி வந்தால் மறுபடி நிறுத்துவேன்.'

ரகு வாங்கிப் படித்தார். "ரெண்டாவது வரி தேவையா?"

"தேவை."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "அப்ப தேதி போடு. தேதி போடாம விட்டிருக்க."