நாலாவது நாற்காலியும் ஏழு இஞ்சும்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், என் வலது மணிக்கட்டு ஒன்றுக்குத்தான் சுகமில்லை, கட்டுப் போட்டிருக்கிறது. நீ அங்கே தலை முதல் கால் வரை ஒன்று விடாமல் நன்றாக இருக்கிறாயா? பேனா பிடிக்க முடியாததால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். அவளுக்கு இது தண்டனை, எதற்கு என்று பின்னால் வரும். சொன்னதை மட்டும் எழுது, உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். (சொந்தச் சரக்கை அடைப்புக்குறிக்குள் போட்டால் அது சேர்த்ததாகாது, ஓரமாக வைத்ததுதான். அண்ணா, நலமா? வீட்டில் எல்லாம் இடப் பிரச்சினை, ஆனால் அடிபட்டது வலக்கை.)

போன வாரம் போனில் ஒன்று சொன்னாயே, அடுத்த மாதம் பத்து நாள் லீவில் வருகிறேன், புது வீடு சின்னதாமே, உங்களுக்கு எதற்குச் சிரமம், பக்கத்தில் லாட்ஜில் ரூம் எடுத்துக்கொள்கிறேன் என்று, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே பேசலாம்தான், ஆனால் நான் என்ன சொன்னாலும் சரிம்மா சரிம்மா பார்க்கலாம்மா என்று வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. மூன்று வருஷம் கழித்து வருகிற பிள்ளை லாட்ஜில் படுத்து, ஓட்டலில் தின்று, நடுவில் எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் அதற்குப் பெயர் வீட்டுக்கு வருவதா? உன் அப்பாவிடம் சொன்னேன். அவன் சொல்வதும் சரிதானே என்றார். சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். (அப்போது ஓடியது பற்பசை விளம்பரம். அப்பா கண் கொட்டாமல் பார்த்தார்.) அன்றைக்கே முடிவு பண்ணினேன், இந்த வீட்டில் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் மறுவேலை.

நீ இந்த வீட்டைப் பார்த்ததில்லை. அப்பா ஓய்வு பெற்றதும் டிப்போ குவார்ட்டர்ஸைக் காலி செய்து இங்கே வந்தோம், நாலு மாதமாகிறது. கதவைத் திறந்தால் ஹால், அதுவே நாலு எட்டு நடந்தால் சமையலறை, நடுவில் சுவர் கிடையாது, ஓரமாக ஒரே ஒரு படுக்கையறை. எல்லாம் ஓப்பனாக இருக்கும், பெரிசாகத் தெரியும் என்று வீட்டுத் தரகர் சொன்னார். (ஓப்பன்தான். இங்கே கடுகு வெடித்தால் அங்கே சோபா தும்முகிறது.) பழைய வீட்டுச் சாமான் எல்லாம் இதற்குள்தான் வந்தது. டைனிங் டேபிளைச் சுவரோடு சாத்தி வைத்தோம், அதன் மேல் நான் தைக்க வந்த துணி ஏறிக்கொண்டது, இந்த நாலு மாதத்தில் ஒரு வேளைகூட யாரும் அதில் சாப்பிடவில்லை. உன் அப்பா டிவிக்கு எதிரே சோபாவில், நான் தையல் மெஷின் முன்னால், இவள் பிரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டு, ஆளுக்கொரு மூலையில் தட்டை வைத்துக்கொண்டு தின்று முடித்துவிடுகிறோம். இதை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

முதலில் உன் அப்பா ஒரு திட்டம் போட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு வீடும் ஒரு பஸ்தான். சோபா முன்னால், நடுவில் நடக்க வழி, டேபிள் கடைசியில், எல்லா நாற்காலியும் டிவியைப் பார்த்து ஒரே திசையில். சாப்பிடும்போது ஒருத்தர் பிடரியை இன்னொருத்தர் பார்த்துக்கொண்டா சாப்பிடுவது என்று கேட்டால், தினமும் எத்தனை ஆயிரம் பேர் அப்படிப் போகிறார்கள், யாராவது புகார் சொன்னார்களா என்கிறார். பின்னால் நான் அடுப்படியில் என்ன செய்கிறேன் என்று பார்க்க டிவி பக்கத்தில் ஒரு கண்ணாடியும் மாட்டிவிட்டார். சோபா எனக்கு வேண்டும் என்று அதன் மேல் பாதி தைத்த ஜாக்கெட்டை வைத்தேன், அதற்கும் சண்டை. துண்டு போட்டு இடம் பிடிக்கிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது, ஆள் இருந்தால்தான் சீட்டு, என் வண்டியில் அதுதான் சட்டம் என்று ஜாக்கெட்டை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் எத்தனை துண்டுகளை ஜன்னல் வழியாக வெளியே வீசியிருக்கிறார் என்பது உனக்கும் தெரியும்.

இவரை நம்பிப் பயனில்லை என்று என் வழியில் இறங்கினேன். துணியை வெட்டும் முன் பேப்பர் கட்டிங் போடுவது போல, பழைய பேப்பர்களை ஒட்டி சோபா, டேபிள், நாலு நாற்காலி, தையல் மெஷின் எல்லாவற்றையும் அதே அளவில் வெட்டினேன். சாமானை எல்லாம் படுக்கையறையிலும் வராந்தாவிலும் குவித்துவிட்டு, பேப்பரைத் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். இரண்டு நாள் பேப்பர் நாற்காலியை மிதிக்காமல் நடந்து நடந்து எல்லாருக்கும் கொக்கு நடை வந்துவிட்டது. (நானும் ஒரு கட்டிங் போட்டேன். அப்பாவை. படுத்திருக்கும் அளவில் வெட்டி, மீசை வரைந்து, பேப்பர் சோபாவில் கிடத்தினேன். அம்மா பார்த்துவிட்டு வயிற்றுப் பக்கம் அளவு பத்தாது என்று மட்டும் சொன்னாள். அப்பா குளித்துவிட்டு வந்து, யாருடி இவன் என் இடத்துல என்றார்.)

கடைசியில் ஒரே ஒரு வழிதான் உருப்படியாகத் தெரிந்தது. ஜன்னல் சுவரிலிருந்து வரிசையாகத் தையல் மெஷின், ஒரு நாற்காலி, டேபிள், அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அப்புறம் பிரிட்ஜ். மற்ற இரண்டு நாற்காலியும் டேபிளின் நீளப் பக்கத்தில். எல்லாம் அழகாக உட்கார்ந்தது, அந்தக் கடைசி நாற்காலியைத் தவிர. அதை வைத்தால் பிரிட்ஜ் கதவு திறக்க இடமில்லை. ஏழு இஞ்சு இடிக்கிறது. எப்படித் திருப்பினாலும் ஏழு இஞ்சு. எங்கள் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது, உனக்குத்தான் இல்லை. நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரியோ என்று அப்போது ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்வானேன். அதுவரை இதில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பது போல டிவி பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா, தலையைத் திருப்பாமல், "அப்ப பிரிட்ஜை வித்துடு" என்றார்.

பிரிட்ஜை விற்பதைவிட டேபிளில் ஏழு இஞ்சை அறுத்துவிடலாம் என்று மாடி வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டோம். அவர் ரம்பத்தோடு வந்தார், வராந்தாவில் இருந்த டேபிளை அளந்தார், உள்ளே வந்து பேப்பரை அளந்தார், மறுபடி போய் டேபிளை அளந்தார். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்து, "ஏன்க்கா, இந்த டேபிளுக்கு சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேப்பர் எல்லாப் பக்கமும் ஒரு இஞ்சு பெரிசாக இருக்குதே என்று அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. இருபத்தைந்து வருஷமாகத் துணி வெட்டுகிற கை, கத்தரியைப் பிடித்தாலே தையலுக்கு ஒரு இஞ்சு விட்டுத்தான் வெட்டுகிறது. சோபாவுக்கு விட்டிருக்கிறேன், டேபிளுக்கு விட்டிருக்கிறேன், நாற்காலி ஒவ்வொன்றுக்கும் விட்டிருக்கிறேன். அந்த வரிசையில் நாலு சாமான், ஒவ்வொன்றிலும் இரண்டு இஞ்சு, ஆக எட்டு. நமக்கு வேண்டியது ஏழு. தச்சர் ரம்பத்துக்கு வேலையே இல்லாமல் சிரித்துக்கொண்டே மாடி ஏறினார். (அம்மா என்னிடம் எப்போதும் அளவோடு இரு என்பாள். இனிமேல் தையலுக்கு விட்டா விடாமலா என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.)

அப்புறம்தான் என் கை. சாமானை உள்ளே கொண்டுவரும்போது, சோபாவை ரிவர்ஸில் கொண்டுபோக வேண்டும், அது என் துறை என்று உன் அப்பா உற்சாகமாக முன்பக்கம் பிடித்தார், நான் பின்பக்கம். அவரோடு பஸ்ஸில் வந்த கண்டக்டர் பிரிந்துபோகும்போது ஞாபகத்துக்குக் கொடுத்த விசிலை இவள் கையில் கொடுத்து, ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ என்று பாடம் வேறு நடந்தது. என் கை சுவர் பக்கம் போனதும் நிறுத்து நிறுத்து என்று நான் சொல்ல, இந்த வாலு இரண்டு விசில் கொடுத்தாள். முப்பது வருஷப் பழக்கம், விசில் கேட்டால் அவர் காதில் வேறு எதுவும் ஏறாது, அழுத்திவிட்டார். (ஒன்று ஊதினேன். சத்தம் சரியாக வரவில்லை என்று இன்னொன்று ஊதினேன். இதுதான் உண்மை. இந்தக் கடிதம்தான் தண்டனை.) எலும்பு முறியவில்லை, சுளுக்குதான், பத்து நாளில் சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இதைச் சாக்கு வைத்துப் பயந்து போன் பண்ணாதே.

இப்போது டேபிள் அதன் இடத்தில் நிற்கிறது. நேற்று மத்தியானம் முதல் தடவையாக மூன்று பேரும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டோம். டிவி உன் அப்பாவின் முதுகுப் பக்கம் போய்விட்டதால் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் குழம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் இவளைப் பார்த்து, ஒன்பதாவதுதானே படிக்கிறாய் என்று பேச்சை ஆரம்பித்தார். (அது போன வருஷம். இருந்தாலும் விசாரித்தாரே.) நாலாவது நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் நானே உட்கார்ந்து, எட்டி பிரிட்ஜ் கதவைத் திறந்தும் பார்த்துவிட்டேன். முழுசாகத் திறக்கிறது, அதற்கு மேலும் ஒரு இஞ்சு மிச்சம். ஆகவே லாட்ஜுக்குச் சொல்லியிருந்தால் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடு. படுக்க சோபா இருக்கிறது, ஆறடி. என் அளவு நோட்டில் உன் உயரம் மூன்று வருஷத்துக்கு முந்தியது, அதை வைத்து எதையும் வெட்ட முடியாது. உயரம், தோள், இடுப்பு மூன்றையும் அளந்து உடனே எழுது, வந்ததும் போட்டுக்கொள்ள இரண்டு சட்டையாவது தைத்து வைக்கிறேன். இடுப்பைக் குறைத்துச் சொல்லாதே, எப்படியும் இங்கே பத்து நாள் சாப்பிடப் போகிறாய்.

வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. நோய் நொடி அண்டாமல், செய்கிற வேலையில் நல்ல பேரோடு, மனசு நிறைஞ்சு இரு கண்ணா. டிக்கெட் தேதியை மறக்காமல் எழுது.

இப்படிக்கு, உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா

(அண்ணா, நான் உறையை ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா நினைக்கிறாள். அவள் எழுதச் சொல்லாதது ஒன்று. இன்று காலையில் தச்சர் டேபிள் எப்படி நிற்கிறது என்று பார்க்க வந்தார். காப்பி கொடுத்தோம். அவர் நாலாவது நாற்காலியை இழுத்து உட்காரப் போனார், அதில் அப்பாவின் துண்டு கிடந்தது. நேற்று சாப்பிட்டு எழுந்ததிலிருந்து அங்கேதான் கிடக்கிறது, யாரும் எடுக்கக் கூடாதாம். தச்சர் அதை எடுத்து ஓரமாக வைக்கப் பார்த்தார். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆள் வருது" என்றார். தச்சர் நின்றுகொண்டே காப்பி குடித்துவிட்டுப் போனார்.)