கரண்டை இறக்கிய கதை

மதுரை
18-8-1974

சிரஞ்சீவி ராஜகுருவுக்குச் சின்னம்மா எழுதுவது. கல்கத்தா மழை உன் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கவேண்டும். அப்பாவுக்கு வலி அடங்கியிருக்கிறது, அதை முதலில் தெரிந்துகொள். பெரியப்பா தன் கையை நான் உலக்கையால் உடைத்ததாக உனக்கு எழுதியிருப்பார், அது உண்மைதான், நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அப்பாவின் புற்றுநோய் தொடையெலும்புக்குப் பரவிவிட்டதென்று போன மாதம் எழுதினேன் அல்லவா, அதற்குத்தான் மதுரை ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்தார்கள். ஊரில் அதை அப்படிச் சொல்கிறார்களே தவிர உடம்பில் மின்சாரம் ஏறுவதில்லை, அது கண்ணுக்குத் தெரியாத கதிர். நோயைத் தீர்க்காது, வலியைக் குறைக்கும், முதலில் சில நாள் வலி கூடினாலும் கூடும், எலும்பு உளுத்திருக்கிறது, காலைப் பிசையக்கூடாது என்று டாக்டர் சொல்லித்தான் பாதியில் இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பினார். வலி கூடியது. அப்பா தலையணையைக் கடித்துக் கிழித்தார், சுவரில் தலையை மோதினார், "என்னையக் கொன்னு போடு சௌந்தரம்" என்று தெருமுனைவரை கேட்கக் கத்தினார். நான் மாத்திரை வாங்கப் பஜாருக்குப் போன நேரம் பெரியப்பா, நரிக்குடிப் பக்கமிருந்து எலும்பு கட்டும் அருஞ்சுனையைக் கூட்டிவந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் அப்பாவைப் பாயில் மல்லாத்தி, பெரியப்பாவின் கடை ஆட்கள் இருவர் தோளை அமுக்கியிருக்க, அருஞ்சுனை சுடுகிற வேப்பெண்ணெயை ஊற்றித் தொடையை முழங்கையால் உருவிக்கொண்டிருந்தார். "எலும்புக்குள்ள கரண்டு நிக்குது, கால் வழியா இறக்கிட்டா நின்னுரும்" என்றார் பெரியப்பா. விடுங்கத்தான், முறிஞ்சிரும் என்று நான் குறுக்கே விழுந்தேன். "புஸ்தகம் படிச்ச கழுத, எந்தம்பியக் கருக்கிப்புட்டு எனக்கே சொல்ல வாரியா" என்று கொண்டையைப் பிடித்துச் சுவரில் இடித்தார், என் காதோரம் கிழிந்தது. அதற்குள் அருஞ்சுனை காலை முறுக்கி இழுத்துவிட்டார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அப்பா போட்ட கூச்சலை எழுதமாட்டேன். அருஞ்சுனை பயந்து கையை எடுத்துவிட்டார், பெரியப்பாதான் "இறங்குதுலே, விடாத" என்று அந்தக் காலைப் பிடிக்கக் குனிந்தார். கதவோரம் இருந்த உலக்கையை எடுத்து அவர் மணிக்கட்டில் போட்டேன். மறுபடி ஓங்கினேன், எல்லோரும் ஓடினார்கள்.

அப்பாவைப் பலகையில் கட்டி வாடகைக் காரில் இங்கே கொண்டுவந்தேன். காரியாபட்டி தாண்டும்வரை அலறினார், பிறகு குரலே போய்விட்டது. இனி நடக்கமாட்டார். காலில் எடை தொங்கவிட்டபடியே மிச்சக் கதிரையும் வைத்து முடித்தார்கள். நேற்றுத்தான் தூங்கினார். இன்று காலை இட்லி கேட்டு, சட்னியில் உப்பில்லை என்று என்னை ஏசினார். இந்த நிம்மதி சில வாரம் நிற்கலாம், சில மாதமும் நிற்கலாம், அதற்குமேல் டாக்டர் சொல்லவில்லை. "அவன் வாரப்ப நான் கத்திக்கிட்டுக் கெடக்கக்கூடாது" என்றார் அப்பா. இப்போது கத்தவில்லை. அப்பாவுக்கு இரண்டாந்தாரமாக வந்த நான் உன்னைவிட ஏழு வயதுதான் மூத்தவள், ஆனாலும் தாய் ஸ்தானத்தில் சொல்கிறேன், பெரியப்பாவை அடிக்க வராதே, அவரை அடித்தாகிவிட்டது. அப்பாவோடு பேச வா.

நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. ரயில் ஏறுமுன் தந்தி கொடு.

உன் சின்னம்மா,
சௌந்தரம்