இருபத்தைந்து காலிக் கட்டங்கள்

1962 ஜூன் 4, திங்கள்

சேலத்திலிருந்து சளிப் பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. வீட்டிலேயே ஒரு வருடம் காசநோய் மாத்திரை தின்ற எண்பத்து நான்கு பேரில், கடைசிச் சுற்றில் சளி கொடுத்தவர்கள் ஐம்பத்தொன்பது பேர். அதில் ஐம்பது பேருக்குக் கிருமி இல்லை. மற்ற இருபத்தைந்து பேரின் அட்டையில் கடைசிக் கட்டம் காலி. மாலையில் சளி டப்பா கொடுக்க நான் போனபோதும் ஆள் இல்லை, விடியலில் அதை வாங்கப் போனபோதும் இல்லை.

வெயில். சைக்கிள் டியூப் இரண்டு முறை பஞ்சர்.

ஜூன் 6

தலைமைக் குமாஸ்தா தங்கசாமி சொன்னது: "முன்ன வந்த முடிவையே இழுத்து எழுதிப் போடு கஸ்பாரு. மார்ச்சுல நல்லா இருந்தவன் ஜூன்லயும் நல்லாத்தான் இருப்பான்."

"செத்துப் போயிருந்தால்?"

"செத்தா சொல்ல மாட்டாங்களா?"

யாரிடம் சொல்வார்கள்? இந்த ஆபீஸ் எங்கே இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது.

இழுத்து எழுதினால் நூற்றுக்கு எண்பத்தாறு பேர் குணம். வராதவர்களை விட்டுவிட்டால் எண்பத்தைந்து. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் இரண்டும் சரி என்கிறார் மனிதர். இரண்டு பொய் ஒன்றுக்கொன்று சாட்சி!

தேடிப் பார்க்கிறேன் என்றேன். "உன் சொந்தச் சைக்கிள், சொந்த ஞாயித்துக்கெழமை. பூசைக்கு வரலீன்னு உங்க சாமியாரு என்னையக் கேக்கப்படாது, அவ்வளவுதான்."

ஜூன் 10, ஞாயிறு

எருமப்பட்டி. சின்னான், முப்பத்தொன்றாம் எண். மார்ச்சில் கிருமி இல்லை. ஏப்ரலில் செத்துவிட்டான். "யாருங்க வந்து கேட்டீங்க?" என்றாள் மனைவி.

ஜூன் 24

நாற்பத்து நான்காம் எண்காரனைத் தேடிப் போனேன். "நோய்க்காரன் எவனும் எங்க காட்டுல இல்லீங்க" என்றார் பண்ணையக்காரர். சத்தியமான வார்த்தை. இருமுகிறான் என்று மே மாதமே குடிசையோடு கிளப்பிவிட்டார். இரண்டு மைல் தள்ளி, ஓடைக் கரையில், பனையோலைச் சார்ப்பில் கிடந்தான். சளியில் ரத்தம்.

நோய் முற்றியதால் துரத்தினார்கள். துரத்தியதால் ஆள் இல்லை. ஆள் இல்லாததால் கட்டம் காலி. காலிக் கட்டத்தில் நாங்கள் 'குணம்' என்று எழுதப் போகிறோம்.

ஜூலை 15, ஞாயிறு

பதினேழு பேரைக் கண்டுபிடித்தேன். ஆறு பேர் செத்தாயிற்று. ஐந்து பேருக்குக் கிருமி. ஆறு பேர் சுகம். எட்டுப் பேரைப் பற்றி எந்தச் சேதியும் இல்லை.

அந்த எட்டுப் பேரும் பிழைத்திருந்தால் குணமானவர்கள் நூற்றுக்கு எழுபத்தாறு. யாருமே பிழைக்கவில்லை என்றால் அறுபத்தேழு. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ. தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் யாருக்கு வலிக்கிறது?

ஜூலை 16

தங்கசாமியிடம் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். தாளைக் கோப்பில் வைத்துக் கட்டினார். பிறகு, "வராதவங்க சேதி இருக்கட்டும். வந்த ஐம்பது பேரும் சரிதானா?"

"நானே கையால் வாங்கியது" என்றேன். திமிராகத்தான் சொன்னேன்.

சாயங்காலம் அந்த ஐம்பது அட்டைகளையும் புரட்டினேன். பரமத்தி வேலூர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் முத்தாயம்மாள். மார்ச்சில் எடை எண்பத்தொரு பவுண்டு. மே கடைசியில் எண்பத்தொன்று. என் கையெழுத்து.

நான் அன்று தராசைச் சைக்கிளிலிருந்து இறக்கவே இல்லை. மகள் சௌந்திரம் டப்பாவை வேலியோரம் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள் என்றாள். இன்னும் பதினோரு வீடு பாக்கி. 'நேரில் பார்த்தேன்' என்று குறித்துவிட்டு, மார்ச் எடையை —

இழுத்து எழுதினேன்.

ஜூலை 17

வேலூர் போனேன். பாயில் எலும்பாகக் கிடக்கிறாள் முத்தாயம்மாள்.

சௌந்திரம் அழவில்லை. "காலி டப்பா குடுத்தா மாத்திரைய நிறுத்திருவாங்கன்னு நீங்கதானுங்க மார்ச்சுல சத்தம் போட்டீங்க. அம்மாவுக்குத் துப்பச் சீவனில்லீங்க. நாந்தான் துப்பிக் குடுத்தேன். அதப் பாத்துப்போட்டுச் சுத்தமாயிருச்சுன்னு நீங்களே நிறுத்திப்புட்டீங்க."

அவள் எச்சில் சுத்தமாகத்தானே இருக்கும். இருபது வயசு.

ஜூலை 18

பார்க்காமல் 'பார்த்தேன்' என்று எழுதினால் வேலை நீக்கம். விதி அச்சடித்தே இருக்கிறது. நான் தற்காலிக ஆள் வேறு. ஆனால் பழைய முடிவைத் தப்பு என்று எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி மாத்திரை.

என் வேலை மட்டும் என்றால் பரவாயில்லை. நான் தேடிய பதினேழு பேர்? 'புளுகன் எழுதிய கணக்கு' என்று அதையும் குப்பையில் போட்டுவிட்டால்?

நல்ல சாக்கு கண்டுபிடித்தாய், கஸ்பார்.

ஜூலை 19

தூங்கவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

ஜூலை 20

எழுதிக் கொடுத்தேன். முத்தாயம்மாளைப் பார்க்கவில்லை, எடை போடவில்லை, சளி அவளுடையது அல்ல. ஐம்பது இல்லை, நாற்பத்தொன்பது.

"ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டு வந்து கையெழுத்துப் போடு. மாத்திரைக்கு வேற வழி இருக்குதான்னு பாக்கலாம்" என்றார் தங்கசாமி.

"வேறு வழியில் கொடுத்தால் அட்டையில் அவள் குணமானவளாகவே இருப்பாளே, அய்யா."

பேனாவைத் தள்ளினார். முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 31

வேலை போயிற்று.

1963 பிப்ரவரி 11, திங்கள்

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சாமான் ரிஜிஸ்தர் எழுதும் வேலை எனக்கு. மத்தியானம் தங்கசாமி வந்து அச்சான அறிக்கையைக் காட்டிவிட்டுப் போனார். அட்டவணையின் கடைசி வரி: 'தகவல் இல்லை – 8.' என் பெயர் எங்கும் இல்லை. "உம்பட எட்டுப் பேர எவனும் தொடலீப்பா" என்றார்.

மருந்துச் சாலையைத் தாண்டி வரும்போது வரிசையில் முத்தாயம்மாள்! சௌந்திரத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆனால் நின்றுகொண்டு. எடை தொண்ணூறாம்.

"சாமி, ஆடிக்கப்புறம் ஊட்டுப் பக்கம் ஒருத்தரும் வரலீங்க. இனிமே நீங்களும் வரமாட்டீங்களாமே?"

"வேறு ஆள் வருவார், அம்மா."

"வாரவிங்களயாச்சும் ஊட்டுக்குள்ள வரச் சொல்லுங்க. உங்களாட்டம் வேலியோரமாவே நின்னுட்டுப் போயிறப் போறாங்க."

சௌந்திரம் அவள் கையைக் கிள்ளினாள்.

வேலியிலிருந்து அவர்கள் வாசல் எட்டடி கூட இருக்காது. ஒரு வருடம், ஐந்து தடவை. நோய்க்குப் பயமா, நேரமில்லையா, இல்லை அது சேரி என்பதாலா? எது என்று எழுத உட்கார்ந்து அரை மணி ஆகிறது. அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.