மருந்துக் கடை மாடியில் நம் சபை

அன்புள்ள மாமா,

போன ஞாயிற்றுக்கிழமை நம் சபையைப் பிரதிஷ்டை செய்தோம். ஜோக்காவைத் தாண்டி, நம் குடியிருப்புக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையின் மாடி. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, இரண்டு மின்விசிறி. நீங்கள் இருந்திருந்தால் விடிந்ததும் போய் நாற்காலிகளை வரிசை பார்த்துத் திருத்தியிருப்பீர்கள், எங்களையும் ஒரு பாடு திட்டியிருப்பீர்கள்.

சந்தோஷமான செய்திதான். ஆனாலும் எழுத உட்கார எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. ஆராதனை வங்காள மொழியில் நடந்தது, மாமா. அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

உங்கள் வீட்டு மருமகளாக நான் வந்த புதிதில் நாம் பெஹாலாவில் இருந்தோமே, நீங்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலம், அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். காலையிலேயே வீடு அமர்க்களப்படும். நகரத்துக்குள் இருக்கும் பழைய தமிழ்ச் சபைக்கு இரண்டு பஸ் மாறிப் போவோம். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு நீங்கள் படியில் தொங்கிக்கொண்டு வருவீர்கள். திரும்பும்போது லேக் மார்க்கெட்டில் இறங்கிக் காபித்தூள் வாங்காமல் வீடு சேர்ந்ததாக நினைவே இல்லை. இதே ஊரில், டாக்குரியாவில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சபையில்தான் தமிழ்ப் பாட்டெல்லாம் மனப்பாடம் ஆனது. எவ்வளவு இரைச்சலான, எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

நீங்கள் ஓய்வு பெற்று இங்கே ஃபிளாட் வாங்கியபோது சுற்றிலும் குளமும் காலி மனையும்தான். மழை பெய்தால் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று ஞாயிறு தொடர்ந்து சபைக்குப் போக முடியாமல் ஹாலுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தீர்கள். நாலாவது வாரம் கேட்டீர்கள்: "ஏ பிள்ள, கர்த்தரு இம்புட்டு தூரம் வரமாட்டாரா? நாம எதுக்கு அங்க போயி நிக்கணும்?"

அன்றைக்கே நம் ஹாலில் பாயை விரித்து ஆராதனையைத் தொடங்கியாயிற்று. ஐந்து தமிழ்க் குடும்பங்கள், படிக்கட்டு முழுக்கச் செருப்பு. செருப்புக்காகச் சண்டை போட இறங்கி வந்த மேல்வீட்டு வங்காளி ஷிப்ரா மாஷி, பாட்டைக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் தங்கையையும் கூட்டி வந்தார்.

நம் சண்டையும் அதிலிருந்துதான் தொடங்கியது, இல்லையா? பக்கத்தில் கட்டடங்கள் எழ எழ இன்னும் வங்காளிகள் வந்தார்கள். நீங்கள் பேசுவதை அவர்கள் காதருகே மொழிபெயர்த்தே எனக்குத் தொண்டை கட்டியது. நம் பிள்ளைகளோ தமிழில் கேட்டால் வங்காளத்தில் பதில் சொன்னார்கள். "வங்காளத்துலயே நடத்தலாமே மாமா" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். "நீ இங்க பொறந்தவ, அப்படித்தான் சொல்லுவ" என்றீர்கள். மூன்று நாள் நான் போட்ட காபியைத் தொடவில்லை. பிடிவாதத்தில் நானும் உங்களுக்குச் சளைத்தவளில்லை, நாலாம் நாளும் அதையே சொன்னேன்.

அப்புறம் ஆஸ்பத்திரி. கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "சபையில தமிழ விட்டுறாதம்மா" என்றீர்கள். தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியதை நினைத்து எத்தனை நாள் அழுதிருப்பேன் தெரியுமா?

நீங்கள் போன பிறகு இரண்டு தமிழ்க் குடும்பங்கள் மாற்றலாகிப் போயின. வங்காளிகளோ பெருகிக்கொண்டே வந்தார்கள். ஹால் கொள்ளாமல் போய்த்தான் இந்த மாடியை வாடகைக்கு எடுத்தோம். ஒரு வங்காளி பாஸ்டர் வர ஒத்துக்கொண்டார். எந்த மொழி என்று எல்லோரையும் கேட்டபோது நான் வங்காளத்துக்குக் கையைத் தூக்கினேன். அத்தை என் கையையே பார்த்தார். வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறந்தார்.

"அவுக ஆரம்பிச்ச சபையில எனக்கு ஒண்ணும் வெளங்காது. நான் வந்து என்னத்துக்கு? நீங்க போயிட்டு வாங்க."

அதன்பிறகு என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேச்சு. உங்கள் மனைவியை உங்கள் சபையிலிருந்தே நான் வெளியேற்றிவிட்டேனா, மாமா?

அத்தைக்குத் தெரிந்த வங்காளம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். நாற்பது வருஷமாக மீன் கடையில் நின்று பேரம் பேசிய வங்காளம். அதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது.

பிரதிஷ்டை அன்று யாரும் கூப்பிடாமலே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "அவுக பேரச் சொல்லுவாகல்லா, அதுக்காவது வாரேன்" என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாஸ்டர் உங்கள் பெயரைச் சொன்னபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பாஸ்டர், மறுநாள் ஷிப்ரா மாஷிக்கு முழங்காலில் ஆபரேஷன், யாராவது ஜெபியுங்கள் என்றார். ஆளாளுக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தோம். எழுந்தது அத்தை!

"ப்ரொபு" என்று ஆண்டவரைக் கூப்பிட்டார். அப்புறம் தெரிந்த ஒரே வழியில் இறங்கிவிட்டார்.

"ஷிப்ரார் பேத்தா எக்டு கொம் கோரே தாவ். ஆமி ரோஜ் ஆஷி."

ஷிப்ராவின் வலியைக் கொஞ்சம் குறைத்துக் கொடு, நான் தினமும் வருகிறவள். மீன்காரரிடம் பேரம் பேசுகிற அதே பேச்சு, அதே குரல். சபையே சிரித்துவிட்டது. ஷிப்ரா மாஷியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார், நொண்டி நொண்டி வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை அசரவில்லை. "ஆரோ எக்டு" என்று இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஆமென் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நேற்று அடுப்படியில் அத்தை தானாகவே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏ பிள்ள, நன்றிக்கு வங்காளத்துல என்ன சொல்லணும்? வார ஞாயித்துக்கெழம ஆண்டவருக்குச் சொல்லணும்லா. மீன்காரன்ட்ட நான் அத சொன்னதே இல்லியே."

சொல்லிக் கொடுத்தேன். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, "கஷ்டமாத்தான் இருக்கு" என்று சிரித்தார். மாமா, எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. மன்னிப்பீர்களா என்றும் தெரியவில்லை. இன்று வேறொரு வாக்குத் தருகிறேன், இதை மீற மாட்டேன். பிள்ளைகள் எவ்வளவு முனகினாலும் வீட்டு ஜெபம் தமிழில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தைக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. ஆண்டவரிடம் பேசும்போது அத்தைக்கு எந்த வார்த்தை வராவிட்டாலும் நான் எடுத்துக் கொடுப்பேன்.

என்றும் உங்கள் வீட்டுப் பிள்ளை,
மூத்த மருமகள் கிரேஸ்